பேக்பைப்காரரும் மூன்றாவது பாஸ்போர்ட்டும்

1

எடின்பரோவில் தெருவோரம் பேக்பைப் வாசித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் என் மகளின் பாஸ்போர்ட்டைத் திருடி, அந்த வாத்தியத்தின் பைக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறார் என்று நான் நம்பினேன். அரைகுறையாக அல்ல, முழுதாக நம்பினேன். காற்று அடைத்த பைக்குள் ஒரு பாஸ்போர்ட் கிடந்தால் சத்தம் எப்படி ஒழுங்காக வரும் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அந்தச் சந்தேகமே எழவில்லை. சத்தம் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

இன்று காலை எடிசன் ஸ்டேஷனில் மன்ஹாட்டன் ரயிலுக்காக நின்றபோது, சென்ற வருடம் இதே நாள் என்று ஃபோன் தானாகவே ஒரு படத்தை நீட்டியது. கருங்கல் பாவிய தெரு. நடுவில் கட்டம்போட்ட கில்ட் பாவாடை உடுத்திய ஒருவர் கன்னம் உப்ப நிற்கிறார். அவர் காலடியில் நான் நெடுஞ்சாண்கிடையாகக் கிடக்கிறேன். தினமும் என்னோடு ரயிலேறும் மதுரைப் பையன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

“எந்தக் கோயில் சார்?”

“கோயில் இல்லப்பா. டூர்.”

“கால்ல விழறீங்க?”

“பாஸ்போர்ட்டைத் தேடறேன்.”

அவன் சிரிப்பு நின்றது. அவனும் விசாவில் இருப்பவன். பாஸ்போர்ட் என்ற ஒரு வார்த்தை போதும், எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பு அடங்கிவிடும். எனக்கும் அடங்கியது. ரயில் நூவர்க் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே போனேன். அலுவலகத்தில் மீட்டிங் நேரத்தில் நான் மும்முரமாகக் குறிப்பெடுப்பதாக எல்லோரும் நினைத்தார்கள்; நான் தட்டச்சு செய்தது இந்தக் கதையைத்தான்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். “அவன் அமெரிக்காவில் செட்டில் ஆகிவிட்டான்” என்று என்னைப் பற்றிக் கல்யாண வீடுகளில் பேசிக்கொள்கிறீர்கள். நன்றி. அமெரிக்க அரசாங்கத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

நான் இருப்பது வேலை விசாவில். என் மனைவி மாலதியும் மகள் கயலும் என் விசாவின் வாலில் தொங்குகிறவர்கள். கிரீன் கார்டுக்கு ஒரு வரிசை உண்டு. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை நகர்வதே இல்லை. அதில் நிற்பதே என் பிரதான தொழில், மென்பொருள் எழுதுவது உபதொழில் என்று ஆகிவிட்டது. சரி, நிற்கலாம். நமக்கு நிற்கப் பழக்கம் உண்டு. ஆனால் பிள்ளைக்கு இருபத்தொரு வயது முடிந்தால் அந்தப் பிள்ளை வாலிலிருந்து அறுந்து விழுந்துவிடும். அப்பா வரிசையில் நிற்கலாம், அம்மா நிற்கலாம், பிள்ளை நிற்கக் கூடாது. அது அயல்நாட்டு மாணவி என்று புது விசா கேட்க வேண்டும். அதற்கு, படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்கே திரும்பிப் போய்விடுவேன் என்று சொல்ல வேண்டும்.

கயல் சென்னையில் பிறந்தவள். இரண்டாவது பல் முளைத்த வாரம் எங்களோடு விமானம் ஏறினாள். எடிசனில் நடக்கக் கற்றாள், ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையின் தள்ளுவண்டியில் உட்கார்ந்து வளர்ந்தாள், பள்ளியில் ஒவ்வொரு நாள் காலையும் நெஞ்சில் கை வைத்துக் கொடிக்கு உறுதிமொழி சொன்னாள். அவளிடம் போய், சொந்த நாட்டுக்கு எப்போது போகப் போகிறாய் என்று கேட்கிற சட்டத்தை எழுதியவர் எதிரில் வந்தால் அடிக்க மாட்டேன். பக்கத்தில் உட்கார வைத்து, பதில் வரும்வரை அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். எந்த நாட்டுக்கு? எந்த வீட்டுக்கு? சாவி யாரிடம் இருக்கிறது?

இதையெல்லாம் நாங்கள் அவளிடம் சொல்லவில்லை. “அடுத்த வருஷம் வந்துடும் கண்ணா” என்பதே எங்கள் வீட்டுப் பதில். பள்ளிக் கடைசி வருடத்தில் தோழிகள் ஐஸ்கிரீம் கடையில் கோடைக்கால வேலைக்குப் போனபோது, வாலில் தொங்குகிற தனக்கு மட்டும் ஏன் வேலை பார்க்க அனுமதியில்லை என்று அவளே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டாள். எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. நான்கு வருடக் கல்லூரிப் படிப்பை மூன்றே வருடத்தில் முடித்தாள். “எங்க ஃபேமிலி மூளை” என்று பார்ட்டி பார்ட்டியாகச் சொல்லித் திரிந்தேன்.

3

போன வருடம் ஸ்காட்லாந்துக்குப் போனது எடிசன் தமிழர்களின் குழுச் சுற்றுலா. நடத்தியவர் சேது அங்கிள், கழுத்தில் விசில் மாட்டிய ஓய்வுபெற்ற என்ஜினியர். மலை, ஏரி, கோட்டை எதுவானாலும் இறங்கு, படம் எடு, ஏறு. பூதம் இருப்பதாகச் சொல்லப்படும் ஏரிக்கரையில் பஸ் நின்றபோது, பூதம் வருகிறதா என்று பார்க்க எங்களுக்கு நேரமில்லை. புளியோதரைப் பொட்டலம் விநியோகம் நடந்துகொண்டிருந்தது. பூதம் எங்களைப் பார்த்திருக்கலாம்.

சுற்றுலா எடின்பரோவில் முடிந்தது. குழு விமான நிலையத்துக்குப் போயிற்று. நாங்கள் மூவர் மட்டும் ஒரு நாள் தங்கினோம். அது கயலின் ஏற்பாடு.

“ஒரே ஒரு நாள்ப்பா. நோ பஸ், நோ விசில். ஜஸ்ட் நடக்கலாம்.”

“நடந்து எங்க போறது?”

“எங்கேயும் இல்ல. அதான் பாயின்ட்.”

எங்கேயும் போகாமல் நடப்பதற்கு இவ்வளவு தூரம் வந்து ஹோட்டலும் போட வேண்டுமா என்று நினைத்தேன். ஆனால் அவள் எங்களோடு பேச ஒரு நாள் கேட்டதே பெரிது என்று மாலதி சொன்னதால் வாயை மூடிக்கொண்டேன்.

இங்கே என் துணிப்பையை அறிமுகப்படுத்த வேண்டும். பயணம் என்றால் மூன்று பாஸ்போர்ட்டும் என் சட்டைக்குள், பனியனுக்கு மேல், ஒரு பட்டைப் பைக்குள் இருக்கும். ஹோட்டல் பெட்டகத்தை நம்ப மாட்டேன், மாலதியின் கைப்பையையும் நம்ப மாட்டேன். வயிறு புடைத்துத் தெரிவதைப் பார்த்துச் சேது அங்கிளின் மனைவி, “ஹெர்னியா பெல்ட்டா? கவனமா ஏறுங்க” என்று ஒவ்வொரு மலையிலும் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். மறுக்கவில்லை. ஹெர்னியா என்றால் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

அன்று காலை நன்றாகவே தொடங்கியது. கோட்டையிலிருந்து சரிந்து இறங்கும் கல்தெருவில் நடந்தோம். வீடுகளுக்கு இடையே ஆள் ஒருவர் மட்டும் நுழையக்கூடிய சந்துகள். வெயில், தூறல், மறுபடி வெயில் என்று வானமும் எங்கள் குழுவைப்போல அவசரப்பட்டது. தெருமுனையில் அந்த பேக்பைப்காரர். கில்ட்டைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை, வீட்டில் லுங்கியோடு அலைகிறவன். அவரும் நானும் தோளில் கைபோட்டு அணைத்தபடி படம் எடுத்துக்கொண்டோம். சட்டைக்குள் கைவிட்டு, பையிலிருந்து சில்லறை எடுத்து அவர் பெட்டியில் போட்டேன்.

“ஃபிரெண்ட் ஒருத்தியப் பார்த்துட்டு வரேன். ஹில் மேல வெயிட் பண்ணுங்க” என்று கயல் கிளம்பினாள். ஊருக்கு நடுவில் தூண்கள் நிற்கும் ஒரு குன்று இருக்கிறது, அங்கே சந்திப்பதாகப் பேச்சு.

நாங்கள் இருவரும் கோட்டைக்குக் கீழே தோட்டத்துக்கு இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்தோம். மாலதி செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கால் வைத்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு எங்கள் இருவர் கையிலும் வேலை எதுவும் இல்லை. அப்போது தலைக்கு மேலே பீரங்கி வெடித்தது.

அந்த ஊரில் மதியம் ஒரு மணிக்குக் கோட்டையிலிருந்து பீரங்கி சுடுவது வழக்கமாம். உள்ளூர்க்காரர்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு சாண்ட்விச்சைத் தொடர்ந்தார்கள். என் காபி சட்டையில் கொட்டியது. என் கை தானாகப் பைக்குப் போனது. மற்றவர்களுக்கு ஆபத்தில் கடவுள் ஞாபகம் வரும், எனக்குக் கை பைக்குப் போகும். திறந்து பார்த்தேன்.

இரண்டு பாஸ்போர்ட் இருந்தது. என்னுடையது, மாலதியுடையது. மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் ஹோட்டல் சாவி அட்டையின் கெட்டிக் காகித உறை.

4

என்ன போனது என்று புரிய வேண்டும். அந்த பாஸ்போர்ட்டில்தான் கயலின் அமெரிக்க விசா முத்திரை இருந்தது. மறுநாள் விமானம். பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸ் புகார், புது பாஸ்போர்ட், பிறகு ஏதோ ஒரு தூதரகத்தில் விசா நேர்காணலுக்குத் தேதி. அந்தத் தேதி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. பொங்கலுக்கு முன்னால் அவளுக்கு இருபத்தொன்று முடிகிறது. தேதி அதற்குப் பிறகு விழுந்தால், இருபது வருடம் வளர்ந்த வீட்டுக்கு, தன் படுக்கைக்கு, அவள் திரும்ப முடியாது. காபி வாசனை அடிக்கும் சட்டையோடு நின்று இந்தக் கணக்கை ஒரே மூச்சில் போட்டேன். மற்ற நாட்டுக்காரன் பாஸ்போர்ட் தொலைந்தால் பாஸ்போர்ட் தொலைந்தது என்று நினைப்பான். நமக்குப் பிள்ளையே தொலைகிறது.

“போலீஸ்ல சொல்லலாம்ங்க” என்றாள் மாலதி.

“பைத்தியமா உனக்கு? போலீஸ்ல சொன்னா பேர் சிஸ்டத்துல ஏறிடும். அப்புறம் ஒவ்வொரு ஃபார்ம்லயும் எழுதணும்.”

“தொலைச்சவங்க பேர் எதுக்கு ஏறும்? திருடினவங்க பேர்தானே?”

“உனக்குத் தெரியாது. எல்லாம் கம்ப்யூட்டர்.”

கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவன் பேசுகிற பேச்சா இது? ஆனால் விசாவில் வாழ்கிறவன் இப்படித்தான் ஆகிவிடுகிறான். வேகமாக கார் ஓட்ட மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் என் வேலிக்குள் செடி நட்டால் சண்டை போட மாட்டேன். அலுவலகத்தில் என் வேலையை இன்னொருவன் தன் பெயரில் காட்டினால் கைதட்டுவேன். வேலை போனால் மூன்று பேரும் போக வேண்டும். இப்படி முதுகை வளைத்து வளைத்து நிமிர்வது எப்படி என்பதே மறந்துவிட்டது. ஊரில் பஸ் கண்டக்டரோடு சில்லறைக்காக டெப்போவரை போய்ச் சண்டை போட்டவன் நான்.

“சரி, கயலுக்கு ஃபோன் பண்ணிக் கேளுங்க. அவ எங்கயாவது பார்த்திருக்கலாம்.”

“குழந்தைக்குத் தெரியக் கூடாது.”

“இருபது வயசு அவளுக்கு.”

“தெரியக் கூடாதுன்னா தெரியக் கூடாது! நான் கண்டுபிடிச்சுடறேன்.”

அந்த நேரம் பார்த்து கயலே அழைத்தாள். “அப்பா, லஞ்ச் சாப்ட்டீங்களா?”

“ஆச்சு கண்ணா. சூப்பர் லஞ்ச். சூப்பர் ஊர்.”

“ஏன் மூச்சு வாங்குது?”

“ஊர்ல ஏத்தம் ஜாஸ்தி.”

நான் அப்போது தோட்டத்தின் குப்பைத்தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டிருந்தேன்.

பிறகு, காலையில் சாவகாசமாக நடந்த பாதையெல்லாம் பின்னோக்கி ஓடினோம். காபிக்கடையில் மேஜைகளுக்கு அடியில் தவழ்ந்தேன். கம்பளிக் கடையில் நான் தொட்டுப் பார்த்த சால்வைகளை எல்லாம் உதறினேன். சந்துக்குள் எதிரே வந்த ஜெர்மன் குடும்பத்தைப் பின்பக்கமாகவே நடக்க வைத்து வெளியே தள்ளினேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை, எல்லோரும் உதவ வந்தார்கள். அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது. ஒரு திருடனாவது திருடனைப்போல நடந்துகொள்ளக் கூடாதா?

அப்போதுதான் புத்தி வேலை செய்தது. பையைத் திறந்தது எங்கே? பேக்பைப்காரர் பக்கத்தில். அணைத்துக்கொண்டது யார்? அவர். கையில் அவ்வளவு பெரிய பையை வைத்துக்கொண்டு, யாரும் எதுவும் கேட்காதபடி ஓயாமல் சத்தம் போடுவது யார்?

“என்னங்க, அவர் பாவம்…”

“நீ பேசாம இரு. நேக்கா பார்க்கப் போறேன்.”

5

நேக்காகப் பார்ப்பது என் பரம்பரையிலேயே கிடையாது. கூட்டத்துக்கு முன்வரிசையில் போய், ஒரு நாணயத்தை வேண்டுமென்றே கீழே போட்டு, எடுக்கக் குனிகிற சாக்கில் அவருடைய வாத்தியப் பெட்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். சரியாகத் தெரியவில்லை. முட்டி போட்டேன். இன்னும் கொஞ்சம் சாய்ந்தேன். தூறலில் நனைந்த கல் வழுக்கியது. அடுத்த கணம் மூக்கு அவருடைய கம்பளிக் காலுறைமேல் இருந்தது.

வாசிப்பு நின்றது. “ஆர் யூ ஆல்ரைட், பால்?” என்றார் மேலேயிருந்து. ‘பால்’ என்றால் அவர்கள் ஊரில் ‘நண்பா’.

கிடந்த வாக்கிலேயே யோசித்தேன். “மை கல்சர்” என்றேன். “ரெஸ்பெக்ட். ஃபார் தி மியூசிக்.”

அந்த மனிதரின் கண் கலங்கிவிட்டது. ஒரு கையால் என்னைத் தூக்கி நிறுத்தி, கூட்டத்துக்கு என்னைக் காட்டி ஏதோ சொன்னார். கூட்டம் கைதட்டியது. பிறகு எனக்காகவே ஒரு பாட்டு வாசித்தார். முழுப் பாட்டு. நான் கைகூப்பியபடி நின்று, பை அமுங்கி எழுவதையே பார்த்தேன். அதற்குள் எதுவும் இருக்க முடியாது என்று அப்போது தெரிந்தது. கூடவே, இனி தேட இடமே இல்லை என்பதும் தெரிந்தது. அந்தப் பாட்டு முடியக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். முடிந்தால் நான் கயலிடம் சொல்ல வேண்டும்.

பாட்டு முடிவதற்குள் அவளே கூட்டத்தில் நின்றிருந்தாள், குன்றுக்குப் போகிற வழியில் நான் விழுந்ததைப் படம் எடுத்த ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீரோடு.

“அப்பா, நீ பாட்டுக்கு அவர் கால்ல விழற! வாட் ஆர் யூ டூயிங்?”

6

மூவரும் குன்றேறினோம். மேலே தூண்களுக்குப் பக்கத்தில், காற்று முகத்தில் அறைகிற இடத்தில், வாக்கியத்தை ஆரம்பித்தேன். “கண்ணா, பதட்டப்படாதே. அப்பா எல்லாம் பாத்துக்கறேன். உன் பாஸ்போர்ட்…”

அவள் ஜாக்கெட்டின் உள்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினாள். “இதுவா?”

காலையில் நான் குளிக்கப் போனபோது நாற்காலியில் தொங்கிய பையிலிருந்து அவள் எடுத்திருக்கிறாள். சாவி உறை உள்ளே இருந்ததால் தடிமன் குறையவில்லை; நான் மேலே தடவிப் பார்த்து மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

“கேக்காம எப்படி எடுப்பே?”

“என் பாஸ்போர்ட்தானே?”

“எதுக்கு எடுத்தே?”

“யூனிவர்சிட்டி ஆபீஸ்ல ஐடி கேப்பாங்க. மாஸ்டர்ஸுக்கு இங்க அட்மிஷன் கிடைச்சிருக்கு. பாக்கப் போனேன். இன்னிக்குச் சொல்லணும்னுதான் இந்த ஒரு நாளே கேட்டேன்.”

நான் மாலதியைப் பார்த்தேன். மாலதி கடலைப் பார்த்தாள். “அட்மிஷன் தெரியும்” என்றாள். “பாஸ்போர்ட் எடுத்தது சத்தியமா தெரியாது.”

அங்கே நான் கத்தினேன். எடிசனில் ஒருநாளும் கத்தாதவன், யார் பெயரும் எந்த சிஸ்டத்திலும் ஏறாத அந்தக் குன்றின் உச்சியில் கத்தினேன். உன்னை யார் போகச் சொன்னது, நான் எதற்கு இத்தனை வருடம் குனிந்து நிற்கிறேன், அடுத்த வருஷம் வந்துவிடும். அந்தக் கடைசி வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததும் எனக்கே காதில் அருவருப்பாக விழுந்தது.

“அது நான் மிடில் ஸ்கூல் படிக்கும்போதும் அடுத்த வருஷம்தான்ப்பா” என்றாள் கயல். அவள் கத்தவில்லை. “அதான் மூணு வருஷத்துல முடிச்சேன். ஜீனியஸ்னு இல்ல. பர்த்டேக்கு முன்னாடி முடிக்கணும்னு.”

“இங்க மட்டும் என்ன? இங்கயும் விசாதானே? இங்கயும் நீ வெளியாள்தானே?”

“ஆமா. ஆனா இங்க நான் ஃபாரினர்னா அது ஃபேர். இப்பதான் வரேன். அங்க நான் கிண்டர்கார்டன்லேர்ந்து இருக்கேன்.”

 யாராவது அமெரிக்கச் செனட்டர் தமிழ் படிப்பவராக இருந்தால் இதற்குப் பதில் அனுப்பலாம்.

மாலதி மட்டும் ஒன்று சொன்னாள். “ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியக் கூடாதுன்னே இருந்தீங்க. ஒரு ஃபோன் பண்ணியிருந்தா அந்த மனுஷன் காலாவது தப்பிச்சிருக்கும்.”

கயல் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் முழுக்கக் கீழே விரிந்து கிடந்தது, கோட்டை, கடல், புகைபோக்கிகள். அழகான ஊர். அந்த அழகுமீதும் எனக்கு ஆத்திரம் வந்தது. பிள்ளையை வளர்த்துப் படிக்க வைத்தது ஒரு ஊர், வா என்றது இன்னொரு ஊர். கீழே அந்த பேக்பைப் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. யாருக்கோ வாசித்துக்கொண்டிருந்தார், கலங்கிய கண்ணோடு.

7

பாஸ்போர்ட்டை யாரும் திருடவில்லை. மறுநாள் விமான நிலையத்தில் பழக்கத்தில் கை நீட்டினேன், கயல் தரவில்லை. அவளே பிடித்துக்கொண்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். அவளோடு எடிசனுக்குத் திரும்பினோம். செப்டம்பரில் அவள் எடின்பரோவுக்குப் போனாள். பொங்கலுக்கு முன்னால் இருபத்தொன்று முடிந்தது, எங்கள் விண்ணப்பத்திலிருந்து அவள் கழன்றாள். வரிசை நகரவில்லை. பையில் இப்போது இரண்டு பாஸ்போர்ட் இருக்கிறது.